ஜூனியர் வக்கீலின் மாத வரவு
சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர் வழக்கறிஞருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயுமாவது தரவேண்டும் எனச் சுற்றறிக்கை அனுப்புமாறு 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா சீனியரும் அவ்வளவு தந்துவிடுவதில்லை. ஆனால் நம் சொந்தபந்தங்களோ, “வக்கீலுக்கு என்ன குறை?” என்கிறார்கள்!

கையில் வருவது எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் முதலில் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லட்டும். தங்கையின் நிக்காஹ் செலவுக்கு அந்தப் பணத்தைப் பெற்றோர் எதிர்பார்க்க வேண்டாம். மறைத்தால், பெருநாள் துணிக்குக் கிரெடிட் கார்டு, அதை அடைக்க மொபைல் ஆப் கடன் என்று வீட்டுக்குள் வட்டி நுழைந்துவிடுகிறது.

அறையை இருவராகப் பகிரலாம். புத்தகத்துக்கு வழக்கறிஞர் சங்க நூலகம் இருக்கிறது. மாதக் கடைசியில் முட்டுப்பட்டால் உறவினரிடம் வட்டியில்லாத அழகிய கடன் கேட்பதில் வெட்கமில்லை. தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுவோம்.