குமிழுக்கு ஒரு வேலை

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

பீடோங் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள் பல, இன்று நகர்ப்புறக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அத்தகைய வீடொன்றில், பாட்டி ஒருவர் தோட்டத்தில் பாடிய தெம்மாங்குப் பாடலைப் பேத்திக்குப் பாடிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி அதனைத் திறன்பேசியில் பதிவு செய்கிறாள். பிறகு, கணினியில் உள்ள இசைத் தயாரிப்பு மென்பொருளில் அப்பதிவை ஏற்றி, தம்பி வாசித்த உறுமியின் ஓசையையும் அதனோடு சேர்க்கிறாள். கேட்டுப் பார்த்தால், உறுமியின் முழக்கத்தில் பாட்டியின் மெல்லிய குரல் மறைந்துவிடுகிறது.

உறுமியின் ஒலியைத் தாழ்த்தும்போதே குரலை உயர்த்த வேண்டும். சுட்டியைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த முடியும். குமிழ்கள் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், இரு கைகளாலும் இரண்டு ஒலிகளை ஒரே வேளையில் மாற்றலாம். ஆயினும், கருவியைக் கணினியில் இணைத்துக் குமிழைத் திருகியவுடன் ஒலி மாறிவிடும் என்று கூற முடியாது. ஏன்?

வானொலிப் பெட்டியின் குமிழுக்கு நிலையான வேலை உண்டு. கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழோ எண்களை மட்டுமே அனுப்புகிறது. ஓர் எண், எந்தக் கட்டுப்பாடு என்பதைக் குறிக்கும். மற்றோர் எண், குமிழ் எந்த அளவில் நிற்கிறது என்பதை 0 முதல் 127 வரை காட்டும். இந்த எண்மொழியின் பெயர் ‘மிடி’. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் இம்மொழியின்வழி இணைத்துக் காட்டப்பட்டன. இதற்குப் பாடுபட்ட ஜப்பானியரான இக்குத்தாரோ ககெஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் 2013ஆம் ஆண்டு கிராமி தொழில்நுட்ப விருதைப் பெற்றனர்.

மிடி மொழியில் 7ஆம் எண் ஒலியளவையும் 10ஆம் எண் ஒலியின் இட வலத் திசையையும் குறிக்கும். எனினும், எந்தக் குமிழ் எதனை மாற்ற வேண்டும் என்பதை நாமே மென்பொருளுக்குக் கற்பிக்கலாம். பல மென்பொருள்களில் அதற்கென ‘மிடி லேர்ன்’ என்னும் வசதி உண்டு. முதலில் அவ்வசதியை இயக்க வேண்டும். அடுத்து, திரையில் குரலின் ஒலியளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர், விரும்பிய குமிழைச் சற்றுத் திருக வேண்டும். அக்குமிழுக்கு வேலை கிடைத்துவிடும். உறுமிக்கு வேறொரு குமிழை இவ்வாறே ஒதுக்கலாம்.

இங்கு ஒரு சிக்கல் எழலாம். திரையில் குரலின் அளவு 100இல் இருக்க, குமிழ் 20இல் நின்றால், அதனைத் தொட்டுத் திருகியதுமே குரல் சட்டெனத் தாழ்ந்துவிடும். இதனைத் தவிர்க்கச் சில மென்பொருள்களில் ‘பிக்கப்’ என்னும் அமைப்பு உண்டு. அதனைத் தேர்ந்தெடுத்தால், குமிழ் 100ஐ எட்டும்வரை மென்பொருள் காத்திருக்கும். அதன் பிறகே ஒலியை மாற்றும். இறுதியாக, இந்த அமைப்புகளைச் சேமிக்க வேண்டும். பாட்டியின் மூலப் பதிவையும் மாற்றாமல் தனியே பாதுகாக்க வேண்டும்.

இப்பொழுது பேத்தி திரையைப் பாராமல் செவிகொடுத்துக் கேட்கிறாள். இடக்கை உறுமியைத் தாழ்த்துகிறது. வலக்கை குரலை உயர்த்துகிறது. பாட்டியின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. அவள் குமிழ்களிலிருந்து கைகளை எடுக்கிறாள்.

கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழ் வானொலிக் குமிழிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. ‘பிக்கப்’ அமைப்பு எச்சிக்கலைத் தவிர்க்கிறது?
3. மூலப் பதிவைத் தனியே பாதுகாப்பது ஏன் அவசியம் எனக் கருதுகிறீர்?