அச்சு எந்திரம் வாங்கலாமா?

கேள்வி: நுண்கலை படித்த என் மகள் மரப்பலகையில் செதுக்கி அச்செடுக்கிறாள். எந்திரம் வாங்க வசதியில்லை. அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பொதுப் பட்டறைகள் இருக்கின்றனவாமே? நம் பக்கம் உண்டா?
- ஒரு வாசகி, கோட்டக்குப்பம்

பதில்: அங்கே உண்டு. நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர் ராபர்ட் பிளாக்பர்ன் 1940களின் இறுதியில் தன் கல்லச்சுப் பட்டறையை எல்லாருக்கும் திறந்துவிட்டார். பிலடெல்பியாவில் 1972 முதல் பிராண்டிவைன் பட்டறை. ஒருவரால் வாங்க முடியாத எந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதுதான் சூட்சுமம்.

இங்கே 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள், பாத்திக் துணி விற்ற காசையும் போட்டுச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அதுவும் இதே ரகம்தான். அச்சுக்கென்றால், சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமி மண்டல மையத்தின் அச்சுக்கூடம் இருக்கிறது. அனுமதி, கட்டணம் பற்றி நேரில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு எந்திரம் வேண்டாம் என்பேன். உங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பு உருளையைத் தின்றுவிடும். மரச்செதுக்குக்கு அது தேவையுமில்லை. ஜப்பானியர்கள் நூற்றாண்டுகளாகக் கையால் தேய்த்தே அச்செடுத்தார்கள். மை பூசிய பலகைமேல் மெல்லிய தாளை விரித்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தோசைக்கரண்டி உதவாது, குழிக்கரண்டியைக் கொடுங்கள்.