பல்லில் நஞ்சு, தண்ணீரில் ஆபத்து

அன்புள்ள தம்பி,

கடல்நீர்த் தொட்டி வைத்து அதில் நச்சுப் பிளெனி வளர்க்க ஆசைப்படுவதாகவும், நஞ்சுள்ள பிராணி வீட்டுக்குள் எதற்கு என்று அம்மா மறுப்பதாகவும் எழுதியிருந்தாய். அம்மா அஞ்சுவதில் பிழையில்லை. ஆனால் அந்த மீனின் பல்லைவிட, நீ வைக்கப்போகும் தொட்டியின் தண்ணீருக்கே அதிகம் அஞ்சவேண்டும் என்பேன்.

திருகோணமலைக் கரையில் மீனின் நஞ்சு புதிய சங்கதியல்ல. ஓரா முள்ளும் கெளிற்று முள்ளும் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது வலை இழுக்கிற எவருக்கும் தெரியும்; திருக்கையின் வால் முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெயகாந்தஸ் என்னும் பிளெனிகளுக்கோ நஞ்சு பல்லில் இருக்கிறது. கீழ்த்தாடையின் இரண்டு கோரைப் பற்களை ஒட்டிச் சுரப்பிகள் உண்டு. பல்லிலுள்ள பள்ளம் வழியே நஞ்சு இறங்கும். இலங்கைக் கடலிலும் மாலைதீவிலும் வாழும் ஸ்மித் பிளெனி இவ்வகையைச் சேர்ந்தது. வளர்ந்தாலும் எட்டு சென்ரிமீற்றர் அளவுதான். நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும் இதற்கு, இரை பிடிக்க நஞ்சு தேவையில்லை. பெரிய மீன் வாயில் கவ்வினால் உள்ளிருந்தே கடிக்கும். கவ்விய மீன் துப்பிவிடும். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் நிக்கலஸ் கேஸ்வெல்லும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஃபிரையும் தம் குழுவினருடன் 2017இல் மெயகாந்தஸ்களின் நஞ்சைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அபினைப் போல வேலை செய்யும் ஒரு பொருளும் அதில் இருந்தது. நஞ்சு சோதனை விலங்குகளின் இரத்த அழுத்தத்தை ஏறக்குறைய 40 சதவீதம் குறைத்தது. நஞ்சேற்றிய எலிகளிடம் வலியின் அடையாளம் தெரியவில்லை. எதிரியைத் தளரவைத்துத் தப்புவதற்கான நஞ்சு இது. ஆகவே மீனை நெருக்காதவரை உனக்குக் கடி விழாது. கையால் பிடிக்காதே, இடம் மாற்றும்போது போத்தலுக்குள் ஓட்டிப் பிடி. அதை விழுங்கப் பார்க்கும் களவாய் போன்ற மீனைக் கூட விடாதே. தொட்டிக்கு இறுக்கமான மூடி போடு. பிளெனி துள்ளி வெளியே விழக்கூடியது; மூடியிருந்தால் சின்னப் பிள்ளைகளின் கையும் உள்ளே போகாது. கடித்துவிட்டால் கழுவிவிட்டுக் கவனி. மூச்சு முட்டினாலோ உடம்பு தடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இனித் தண்ணீர். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அதை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று சோதனை காட்டும் முன் விட்ட மீன் தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகலாம். நம் ஊர் வெயிலில் தொட்டிநீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கி ஏறிக்கொண்டே போகும். ஆகையால் குறைந்த அளவை நன்னீரால் நிரப்பவேண்டும், உப்புநீரால் அல்ல. சிறிய தொட்டியில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். நூறு லீற்றருக்குக் குறையாமல் வை. மின்சாரம் நின்றால் காற்றூட்ட பற்றரி பம்பும் வேண்டும்.

வாசலில் கடல் இருக்க, தொட்டிநீர் கலக்க உப்பு எதற்கு வாங்கவேண்டும் என்று கேட்பாய். துறைமுகத்து நீரில் கப்பல்களின் எண்ணெய் கலந்திருக்கலாம். மாரியில் மகாவலியின் வெள்ளம் கொட்டியாரக்குடாவில் விழும்போது உப்பின் அளவும் இறங்கும். இன்று எடுத்த நீர் போல நாளைய நீர் இராது; தொட்டிக்கு வேண்டியதோ மாறாத நீர். மீனையும் கடலிலேயே பிடிக்கலாமே என்றால், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. பண்ணையில் பொரித்து வளர்த்த மெயகாந்தஸ்கள் விற்பனைக்கு உண்டு. விலை கூடினாலும் அவை தொட்டிக்கும் கொடுக்கும் தீனிக்கும் பழகியவை.

சுதந்திரமாக நீந்தும் உயிரை ஏன் அடைக்கவேண்டும் என்பதே வலுவான மறுப்பு. அதை முற்றாகத் தள்ள முடியாது. பெரும்பாலான பிளெனிகள் அடியில் ஒட்டிக் கிடப்பவை. மெயகாந்தஸோ காற்றுப்பை உள்ளதால் நடுநீரில் நீந்தும். நீந்த வெளியும் ஒளிய பொந்தும் தர முடியாதவருக்கு இதை வளர்க்கும் உரிமை இல்லை. அலுத்துவிட்டது என்று கடலில் விடுவதற்கும் இல்லை. நம் இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் வாழும் நச்சுமுள் கொண்ட சிங்கமீன், 1985இல் புளோரிடாக் கரையில் காணப்பட்டு, இன்று கரீபியன் கடல் முழுதும் பரவி அங்குள்ள மீன்களைத் தின்கிறது. தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதிலிருந்தே அது பரவியது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

ஆகவே தம்பி, முதலில் மீனில்லாத தொட்டியை ஆறு கிழமை பராமரி. ஒவ்வொரு சோதனையின் அளவையும் கொப்பியில் எழுதி அம்மாவிடம் காட்டு. அந்தப் பொறுமை உனக்கு இருந்தால் மீனை வாங்கு; இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்