பல் முளைக்கும் முன்பே பார்க்க வேண்டிய தண்ணீர்



நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "எம்புள்ளைக்குப் பால்பல்லு முத்து மாதிரி இருந்துச்சு. விழுந்து முளைச்ச பல்லு காவியேறிப் போச்சு. ஒழுங்கா விளக்குனாத்தானே!" பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவுக என்ன சொல்லுவாக" என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறது. உண்மையில் இது பிள்ளையின் தவறா? பல் எப்படி முளைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

தாடைக்குள் நடக்கும் வேலை

பல் வெளியே தெரிகிற அன்றைக்கு உண்டாவதில்லை. தாய் கர்ப்பமாகி 2 மாதம் ஆவதற்குள் பால்பல்லின் மொட்டு உருவாகத் தொடங்கிவிடுகிறது. விழுந்து முளைக்கும் முன்பற்கள், குழந்தை பிறந்த முதல் வருடத்திலேயே தாடை எலும்புக்குள் கெட்டிப்படத் தொடங்கும். 4, 5 வயதுக்குள் பல்லின் மேல்பகுதி உள்ளேயே முழுதாக உருவாகிவிடும். அதன் மேல் உள்ள கெட்டியான வெள்ளைப் பூச்சுக்கு எனாமல் என்று பெயர். ஆனால் அந்தப் பல் 6 முதல் 8 வயதில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

எலும்புக்குள் இருக்கும் பல் எப்படி வெளியே வருகிறது? பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதுதான் எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைத்து மேலே வழி உண்டாக்குகிறது. கீழே புது எலும்பு வளர்கிறது. வேர் நீள, பல் மெல்ல மேலேறுகிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நாயின் தாடையில் இருந்த பல்லை எடுத்துவிட்டு, அதே வடிவில் உலோகத்தால் செய்ததைப் பைக்குள் வைத்தார்கள். அதுவும் முளைத்து வந்தது! மேலே இருக்கும் பால்பல்லின் வேரும் இப்படித்தான் கரைகிறது. நாம் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறியும் பால்பல்லில் வேர் இல்லாதது இதனால்தான்.

எனாமலைச் செய்யும் செல்கள் பல் வெளியே வரும்போது அழிந்துவிடும். அதனால் உள்ளே நடந்த குறையை உடம்பு பிறகு சரிசெய்ய முடியாது.

காவி எங்கிருந்து வருகிறது?

நம் மாவட்டத்தில் பல ஊர்களில் பாறைக்குள் ஊறி வரும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கரைந்திருக்கிறது. நிலக்கோட்டை ஒன்றியத்தில் இந்தப் பாதிப்பு இருப்பதை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றும் பதிவு செய்திருக்கிறது. ஃபுளோரைடு கொஞ்சமாக இருந்தால் பல் சொத்தையைத் தடுக்கும். அளவு மீறினால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. முளைக்கும்போது பல்லில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரியும். பிறகு அதில் மஞ்சளும் காவியும் ஏறும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்திய தர அளவு.

ஆக, 7 வயதில் தெரியும் காவி, 2, 3 வயதில் குடித்த தண்ணீரின் கணக்கு. பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

* 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரை, சோதிக்காமல் கொடுக்க வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் அதைப் பிடித்து வைத்து முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.
* காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.
* செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். காவி போகாது, எனாமல்தான் தேயும். கறையைக் குறைக்க பல் மருத்துவரிடம் வழி உண்டு.
* 3 வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.
* 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பயிற்சி தர வழி இருக்கிறது. நம் குழுவிலிருந்து பெயர் கொடுக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திலும் சோதிக்கலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. கிராம சபையில் நாமும் சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சுக்கு வலு இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருவில் பிள்ளைகள் குடிப்பது எந்தத் தண்ணீர்?
2. அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்?
3. தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போகும் பொறுப்பை யார் ஏற்பது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து போட்டுவிடுங்கள். இன்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் முன்பல் இப்போதுதான் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.