புல் வெட்டினாலும் பைலட்டுக்குச் சொல்லணுமா?

2025 மே மாதம் வடக்கு, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் தற்காலிகமாக மூடப்பட்டபோது, 'நோட்டாம்' என்ற சொல்லை உங்கள் செல்போனில் பார்த்திருப்பீங்க. ஆனால் நோட்டாம் பதற்றமான நாட்களில் மட்டும் வருவதில்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் புல் வெட்டுகிறார்கள், ஒரு விளக்கு எரியவில்லை என்பதற்கும் வரும். இதெல்லாம் விமானிக்கு எதுக்கு?

நோட்டாம் என்றால் என்ன?

விமான நிலையத்திலோ வான்வழியிலோ ஏற்படும் தற்காலிக மாற்றத்தை விமானிகளுக்குத் தெரிவிக்கும் அதிகாரப்பூர்வ அறிவிப்புதான் நோட்டாம். நம் நாட்டில் இதை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. முழுக்கச் சுருக்கெழுத்துகளில் இருக்கும். நேரமும் சர்வதேச நேரம்தான். நமக்குக் காலை 6 மணி என்றால் அதில் 0030 என்று இருக்கும்.

டிராக்டர் பின்னால் கொக்கு

அவனியாபுரம், வலையங்குளம் பக்கம் வயலில் உழவு ஓடும்போது கவனிச்சிருக்கீங்களா? டிராக்டர் பின்னாலேயே கொக்கும் மைனாவும் வரிசை கட்டும். மண்ணிலிருந்து கிளம்பும் பூச்சிகள்தான் அவற்றுக்கு விருந்து. ஓடுதளத்தின் ஓரத்தில் புல் வெட்டும்போதும் இதேதான் நடக்கும். வெட்டாமலும் விட முடியாது. புல் வளர்ந்தால் விளக்குகளும் வழிகாட்டிப் பலகைகளும் மறையும். எலி, பாம்பு சேரும். அவற்றைத் தேடிப் பருந்து வரும்.

எனவே, 'புல் வெட்டும் பணி நடக்கிறது' என்ற ஒரு வரியில் விமானிக்கு இரண்டு தகவல்கள் இருக்கின்றன. ஒன்று, ஓடுதளத்தின் அருகே ஆட்களும் வண்டியும் இருக்கலாம். இரண்டு, பறவைகள் கூடலாம். பறவை மோதும் ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் என்பதால், விமானி அந்த நேரத்தில் கூடுதல் கவனத்தோடு இருப்பார்.

மதுரைக்கு ஒரே ஓடுதளம்

மதுரை விமான நிலையத்தில் இருப்பது சுமார் 7,500 அடி நீளமுள்ள ஒரே ஓடுதளம். அதில் பராமரிப்பு வேலை என்றால், வேறு ஓடுதளத்துக்கு மாற வழியில்லை. அந்த நேரம் முன்கூட்டியே தெரிந்தால்தான் விமான நிறுவனம் அட்டவணையை மாற்ற முடியும். விமானியும் தேவைப்பட்டால் திருச்சி போன்ற மாற்று நிலையத்துக்குப் போகும் அளவு எரிபொருளைக் கணக்கிட்டு எடுத்துச் செல்வார்.

அறிவிப்பு இருந்தும் நடந்த தவறு

2017 ஜூலை 7 இரவு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த இரண்டு இணை ஓடுதளங்களில் ஒன்று வேலைக்காக மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. நோட்டாமும் இருந்தது. ஆனாலும், இறங்க வந்த ஏர் கனடா விமானம் பக்கத்திலிருந்த டாக்ஸிவேயை ஓடுதளம் என்று நினைத்து நெருங்கியது. அங்கே 4 விமானங்கள் வரிசையில் நின்றிருந்தன. சுமார் 60 அடி உயரம் வரை இறங்கிவிட்டு, கடைசி நொடியில் மேலேறியது. ஓடுதளம் மூடல் பற்றிய தகவல் 27 பக்கத் தாள்களில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. இறங்கும் நேரத்தில் அது விமானிகளின் நினைவில் இல்லை.

ஆக, பராமரிப்பு அறிவிப்பு முக்கியம்தான். ஆனால் சின்னதும் பெரியதும் ஒரே குவியலாக வந்தால், முக்கியமானது கண்ணில் படாமல் போய்விடும். எழுதுபவர் தெளிவாக எழுத வேண்டும். படிப்பவர் தனக்குத் தேவையானதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கிளம்பும் முன் விமான நேரத்தை நிறுவனத்தின் செயலியில் மீண்டும் ஒருமுறை பாருங்க. டிக்கெட் எடுக்கும்போது உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்க. நேர மாற்றக் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும்.

• 'விமான நிலையம் மூடல்' என்று வாட்ஸ்அப்பில் வரும் நோட்டாம் படத்தை அப்படியே நம்பாதீங்க. தேதியையும் நேரத்தையும் பார்த்து, விமான நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்க.

• இறைச்சி, மீன் கழிவுகளைத் திறந்தவெளியில் கொட்டாதீங்க. பறவைகளை ஈர்க்கும் குப்பையை விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தூரத்துக்குள் கொட்டுவதை 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி தடை செய்கிறது. கொட்டுவதைப் பார்த்தால் மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ சொல்லலாம். 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100-லும் புகார் தரலாம்.

புல் வெட்டுவதை விமானிக்குச் சொல்ல நோட்டாம் இருக்கிறது. நாம் ரோட்டோரம் வீசும் கோழிக்கழிவைச் சொல்ல எந்த நோட்டாமும் இல்லை. அதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.