பாட்டு சொன்னதைப் படம் சொல்ல வேண்டாம்

குழந்தைகளுக்கு இயற்கைப் பாட்டுப் புத்தகம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் பாட்டை முழுசாக எழுதி ஓவியரிடம் நீட்டி, "இதுக்குப் படம் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஓர் உயிரை மட்டும் எடுங்கள். தூக்கணாங்குருவி என்று வைத்துக்கொள்வோம். நேரில் போய்ப் பாருங்கள். எட்டு வரி எழுதி, கைதட்டிக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள். தாளம் தப்பும் இடத்தில் சொல்லை மாற்றுங்கள். எதுகைக்காகக் குருவிக்குத் தொப்பி மாட்டாதீர்கள்.

இனிதான் வேலை. படம் காட்டக்கூடிய சொல்லையெல்லாம் பென்சிலால் அடியுங்கள். மஞ்சள் தலை, நீண்ட கூடு, பனை ஓலை எல்லாம் போகட்டும். நிறமும் வடிவமும் இடமும் ஓவியர் பாடு. ஓசையும் அசைவும் ஆசையும் உங்கள் பாடு. ஓலையில் நார் கிழிப்பது, முடிச்சுப் போடுவது, பாதிக் கூட்டில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடுவது, அது வந்து பார்த்துப் பிடிக்காமல் பறந்துவிடுவது: பாட்டு இதில்தான் இருக்கிறது. அடித்தது போக நாலு வரிதான் மிஞ்சுகிறதா? நாலே போதும்.

பாட்டு சொல்லாத ஒன்றும் படத்தில் இருக்க வேண்டும். பாட்டில் ஒரு கூடு என்றால், ஓரத்து ஓலையில் கைவிட்ட பாதிக் கூடுகள் இரண்டு தொங்கட்டும். படித்துக் காட்டும் பெரியவர் கவனிக்கமாட்டார், குழந்தை கண்டுபிடித்துவிடும்.

ஓவியருக்கு ஒரு துண்டுச்சீட்டு கட்டாயம் கொடுங்கள். மஞ்சள் தலை கூடு கட்டும் காலத்து ஆணுக்குத்தான். கூட்டைப் பின்னுவதும் ஆண்தான். முடிந்த கூட்டில் வாசல் குழாய்போலக் கீழே நீளும். கிண்ணக் கூட்டில் மூன்று முட்டை வரைந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள், தயவுதாட்சண்யம் வேண்டாம்.

பிறகு மாதிரிப் புத்தகம். நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தால் 16 பக்கம். பெட்டை வருமா என்ற கேள்வி வலப்பக்கத்தில் நிற்க வேண்டும், பதில் தாளைத் திருப்பினால்தான் தெரிய வேண்டும். எழுத்தை இலைகளின் மேல் அச்சடிக்காதீர்கள். புள்ளியும் கொம்பும் தொலைந்துபோகும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் படத்தை மூடிப் பாட்டைப் படியுங்கள், பாட்டை மூடிப் படத்தைப் பாருங்கள். ஏதாவது ஒன்று தனியாகவே முழுக் கதையையும் சொன்னால், அடிக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.