ஞாயிற்றின் நாட்குறிப்பு

நுழையுமுன்

கதிரவனை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், அதன் முகம் நாள்தோறும் மாறுவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அம்மாற்றத்தைக் கண்ணுக்குத் தீங்கு நேராமல் உற்றுநோக்கி, வரைந்து, படமெடுத்துப் பதிவுசெய்யும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.



பொம்மசந்திராவின் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே காலைக் கதிரவன் எழுகிறான். ஓசூர் சாலையில் இரவுப் பணி முடித்தவர்கள் வீடு திரும்புகின்றனர். பகல் பணிக்குச் செல்வோர் விரைகின்றனர். பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த குடும்பங்கள் இங்குப் பல. ஊர் மாறினாலும் ஞாயிறு மாறவில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், ஞாயிறும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பமுடையது. அதில் சிற்சில இடங்களில் காந்தப்புலம் மிக வலிமையாக இருக்கும். அவ்விடங்களில் உள்ளிருந்து மேலெழும் வெப்பத்தைக் காந்தப்புலம் தடுத்துவிடுகிறது. ஆகவே, அவை சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்து, கருமையாகத் தோன்றுகின்றன. இவையே கரும்புள்ளிகள். சிறு புள்ளியாகத் தோன்றினாலும், பெரிய கரும்புள்ளி ஒன்றினுள் நம் புவி முழுவதும் அடங்கிவிடும்.

ஒரு மருந்தாளுநரின் பொறுமை

செருமனி நாட்டின் தெசாவு நகரில் சாமுவேல் சுவாபே என்னும் மருந்தாளுநர் வாழ்ந்தார். வானியல் அவருடைய தொழில் அன்று, விருப்பம். புதன் கோளுக்கும் சூரியனுக்கும் இடையே புதிய கோள் ஒன்று இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். அதனைத் தேடி, 1826ஆம் ஆண்டுமுதல் 17 ஆண்டுகள், வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் சூரியனை நோக்கிக் கரும்புள்ளிகளைக் குறித்துவந்தார். அவர் தேடிய கோள் கிடைக்கவில்லை. ஆனால், கரும்புள்ளிகள் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்னும் உண்மை கிடைத்தது. அக்கால அளவு சராசரியாக 11 ஆண்டுகள் எனப் பின்னர் அறியப்பட்டது. நாள்தோறும் எழுதிய எளிய குறிப்புகளே அக்கண்டுபிடிப்பிற்கு அடிப்படை.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு ஒரு வானாய்வகம் அமைக்கப்பட்டது. அதன் பணி 1899ஆம் ஆண்டு கொடைக்கானல் மலைக்கு மாறியது. அங்கு ஜான் எவர்செட் என்பவர், கரும்புள்ளியின் விளிம்பில் வளிமங்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரால் ‘எவர்செட் விளைவு’ எனப்படுகிறது. 1904ஆம் ஆண்டுமுதல் அங்குச் சூரியன் படமெடுக்கப்பட்டு வருகிறது. அக்காலக் கண்ணாடித் தகட்டுப் படங்கள் இப்போது கணினிப் பதிவுகளாக மாற்றப்பட்டுள்ளன. கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரு கோரமங்கலாவில் உள்ளது. சென்னையில் பிறந்து, கொடைக்கானலில் வளர்ந்து, பெங்களூருக்கு வந்து சேர்ந்த அந்நிறுவனமும் நம் குடும்பங்களைப் போலப் பயணம் செய்ததே!

2023 செப்டம்பர் 2ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் இந்நிறுவனமே. அவ்விண்கலம் புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைக் கண்காணிக்கிறது.

கண்காணிக்க வேண்டிய தேவை யாது? கரும்புள்ளிகள் மிகும் காலத்தில் சூரிய வெடிப்புகளும் மிகுகின்றன. 1989 மார்ச் 13 அன்று ஏற்பட்ட சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. 2024 மே மாதப் புயலின்போது நம் நாட்டின் இலடாக் வானமே செந்நிற ஒளி கொண்டது.

கண்ணே முதன்மை

வெறுங்கண்ணால் சூரியனை நோக்கலாகாது. நம் விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே, பார்வை பறிபோகும் வேளையிலும் வலி தோன்றாது. பழைய எக்சுரே படலம், கரி பூசிய கண்ணாடி, குளிர்கண்ணாடி ஆகியவை பாதுகாப்பானவை அல்ல. தட்டிலுள்ள மஞ்சள் நீரில் சூரியனைக் காணும் வழக்கம் உண்டு, அம்முறையும் தீங்கானதே. தந்தையார் பட்டறையில் பயன்படுத்தும் வெல்டிங் கண்ணாடி பெரும்பாலும் 10 முதல் 12 வரையிலான எண் கொண்டது. சூரியனைக் காண 14ஆம் எண் வேண்டும். ஆகவே, வீட்டில் கிடைக்கும் கண்ணாடியை நம்பாதீர்கள்.

பாதுகாப்பான முறை, சூரியனின் நிழலுருவைத் தாளில் வீழ்த்துவதாகும். பெரியவர் ஒருவரின் துணையுடன் சிறு தொலைநோக்கியைத் தாங்கியில் பொருத்துங்கள். கண் வைக்கும் பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி வெண்தாளைப் பிடித்தால், சூரியனின் வட்டம் அதில் விழும். எவரும் தொலைநோக்கியினுள் கண் வைத்துப் பார்த்தலாகாது. தாளில் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, கரும்புள்ளிகளை அவை விழும் இடத்திலேயே குறியுங்கள். தாளிலுள்ள உருவத்தைக் கைப்பேசியில் படமெடுக்கலாம். தொலைநோக்கி வழியே நேராகப் படமெடுப்போர், அதற்கென உள்ள சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்முனையில் பொருத்துவர்.

நாள், நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். மறுநாள் பார்த்தால் புள்ளி இடம் மாறியிருக்கும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதே அதற்குக் காரணம். ஒரு விளிம்பில் தோன்றும் புள்ளி மறு விளிம்பை அடைய ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும்.

புள்ளிகளை எண்ணுவதற்கும் முறை உண்டு. கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 3 கூட்டங்களில் 11 புள்ளிகள் இருப்பின், எண் 41 ஆகும். உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் இவ்வாறு எண்ணி அனுப்பும் கணக்குகள் பெல்சிய நாட்டின் பிரசல்சு நகரில் இன்றும் தொகுக்கப்படுகின்றன.

பெங்களூரில் மழைக்காலத்தில் பல நாள்கள் மேகம் மூடியிருக்கும். அந்நாள்களில் ‘மேகம், காணவில்லை’ என்றே எழுதுங்கள். காணாததைக் கண்டதாக எழுதினால், கண்டதாக எழுதியவையும் நம்பத்தகாதவை ஆகிவிடும். புள்ளியே இல்லாத நாளில் சுழியம் என எழுதுங்கள். அதுவும் ஓர் உண்மையே. நாள்தவறாமையும் நேர்மையும் இருந்தால், உங்கள் ஏடும் அறிவியலுக்குச் சான்றாகும்.

சொற்பொருள்

ஞாயிறு – சூரியன்
உற்றுநோக்குதல் – கூர்ந்து கவனித்தல்
விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் உருவம் விழும் படலம்
வளிமம் – வாயு
சுழியம் – பூச்சியம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. கரும்புள்ளிகள் கருமையாகத் தோன்றுவது ஏன்?
2. சுவாபே எதனைத் தேடினார்? எதனைக் கண்டார்?
3. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கும்போது கேட்டை உடனே உணர முடியாதது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
கரும்புள்ளி, விண்கலம், செந்நிறம்

இ. கணக்கிடுக.
4 கூட்டங்களில் 17 புள்ளிகள் காணப்பட்டால், அன்றைய கரும்புள்ளி எண் யாது?

ஈ. சிந்தித்து எழுதுக.
‘மேகம், காணவில்லை’ என்று எழுதுவதும் அறிவியல் பணியே. இக்கருத்தைப் பத்து வரிகளில் விளக்குக.